மாரிகுப்பத்து மேசைக்கு எந்த ப்ராசஸர்?

பத்தடி உயரம், இருபதடி நீளம். திருவிழாவுக்கும் தலைவர் பிறந்தநாளுக்கும் கட்டுகிற ஃப்ளெக்ஸ் பேனருக்கு இது ஒன்றும் அதிசய அளவு இல்லை. அங்குலத்துக்கு 72 புள்ளி என்று வைத்து இதைப் போட்டோஷாப்பில் திறந்தால் 8,640 புள்ளி உயரம், 17,280 புள்ளி நீளம். பெருக்கினால் ஏறத்தாழ 15 கோடிப் புள்ளிகள். அச்சுக்கான சிஎம்ஒய்கே முறையில் ஒரு புள்ளிக்கு 4 பைட் வேண்டும். வெறும் பின்னணி நிறம் பூசிய ஒரே ஒரு லேயருக்கே 60 கோடி பைட், அதாவது கிட்டத்தட்ட 600 எம்பி ஆகிவிடுகிறது. அதன்மேல் தலைவர் படம் ஏற வேண்டும், எழுத்துக்குப் பின்னால் ஒளிவட்டம் வேண்டும், அடியில் வரிசையாக இருபது உறுப்பினர்களின் முகம் வேண்டும், அதில் ஒருவர் கடைசி நேரத்தில் தன் படத்தை வாட்ஸ்அப்பில் மாற்றி அனுப்புவார்.

அதே மேசையில் அடுத்து வருவது 5-க்கு 7 அங்குலக் கல்யாணப் பத்திரிகை. 300 டிபிஐயில் 1,500-க்கு 2,100 புள்ளி, 31.5 லட்சம் புள்ளிகள்; ஒரு லேயருக்கு 12.6 எம்பி. பேனருக்கும் பத்திரிகைக்கும் நடுவில் 47 மடங்கு வித்தியாசம். இரண்டையும் செய்பவர் ஒரே ஆள், கம்ப்யூட்டரும் ஒன்றே. "கிராபிக் டிசைனுக்கு ஐ5 போதுமா, ஐ7 வேண்டுமா?" என்று கேட்கிறவர்களுக்கு ஒற்றை வரியில் பதில் சொல்ல முடியாமல் போவது இதனால்தான். டிசைன் என்பது ஒரு வேலை இல்லை. ஒரே நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற நாலைந்து வேலைகளுக்குச் சேர்த்து வைத்த பெயர்.

கோலார் தங்கவயலில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் எடை உண்டு. பங்காருப்பேட்டையில் பிரியும் கிளைப்பாதை கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று நின்று நின்று வந்து மாரிகுப்பத்தில் முடிகிறது. 2001 பிப்ரவரி 28-இல் பாரத் கோல்ட் மைன்ஸ் சுரங்கங்களை மூடிய பிறகு, ஊரின் பிழைப்பு அந்தத் தண்டவாளத்தின் மேல் ஏறிக்கொண்டது. விடிவதற்கு முன்பே ஆயிரக்கணக்கானவர்கள் பெங்களூருக்குக் கிளம்புகிறார்கள். ஊரிலேயே தங்கியவர்கள் செய்யும் சிறுதொழில்களில் ஸ்டுடியோ, டிடிபி, ஃப்ளெக்ஸ், ஜெராக்ஸ் ஆகியவற்றுக்கு ஓர் இடம் இருக்கிறது. கோயில் திருவிழா, சர்ச் ஆண்டு விழா, ஏப்ரல் 14 அம்பேத்கர் ஜெயந்தி, கண்ணீர் அஞ்சலி என வேலை வந்துகொண்டே இருக்கும். ஆனால் ஒவ்வொன்றிலும் கிடைப்பது சில நூறு ரூபாய். முதலீட்டில் பத்தாயிரம் ரூபாய் தவறான பெட்டிக்குள் போனால், அதை மீட்க எத்தனை அஞ்சலி போஸ்டர் அடிக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிற ஊர் இது. பெரிய நகரத்து ஸ்டுடியோக்களுக்காக எழுதப்படும் சிபாரிசுகள் இங்கே அப்படியே பொருந்தாது.

டிசைனர்களிடம் ப்ராசஸர் விற்பதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1985-இல் பேஜ்மேக்கர் மெக்கின்டோஷில் வந்தது. 1990-இல் போட்டோஷாப். அன்று முதல் புதுச் சில்லு எது வந்தாலும் அதன் வேகத்தைக் காட்ட போட்டோஷாப்பைத்தான் மேடையேற்றினார்கள். 1997-இல் இன்டெல் தன் பென்டியத்தில் எம்எம்எக்ஸ் என்ற கட்டளைத் தொகுதியைச் சேர்த்தபோது, படத்தை மங்கலாக்கும், கூர்மையாக்கும் ஃபில்டர்கள்தான் விளம்பரத்துக்குக் கிடைத்த சாட்சி. ஸ்டீவ் ஜாப்ஸ் தன் மேடைகளில் பவர்மேக்கையும் பென்டியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து போட்டோஷாப் ஓட்டிக் காட்டுவார். தனக்குச் சாதகமான ஃபில்டர்களையே அவர் தேர்ந்தெடுத்திருப்பார் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அப்போது எல்லோரும் பார்த்த எண் மெகாஹெர்ட்ஸ், பிறகு ஜிகாஹெர்ட்ஸ். அந்தப் பந்தயம் சூட்டில் முடிந்தது. 4 ஜிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வரும் என்று சொல்லிக்கொண்டிருந்த இன்டெல், 2004 அக்டோபரில் அதைக் கைவிட்டது. 2006-இல் வந்த கோர் 2 டுவோ குறைந்த ஜிகாஹெர்ட்ஸிலேயே பென்டியம் 4-ஐ முந்தியது. அதற்குப் பிறகு விற்பனைக்கான எண் கோர்களின் எண்ணிக்கை ஆயிற்று. ஆனாலும் 2007 முதல் 2017 வரை பத்து ஆண்டுகள் சாதாரண மேசைக் கம்ப்யூட்டருக்கு இன்டெல் கொடுத்த உச்சம் நாலு கோர்தான். 2017 மார்ச்சில் ஏஎம்டி எட்டு கோர் ரைசனோடு வந்து அந்தத் தேக்கத்தை உடைத்தது. அதே ஆண்டு அக்டோபருக்குள் இன்டெல்லிடமிருந்தும் ஆறு கோர் வந்துவிட்டது. 2021 நவம்பரில் வந்த 12-ஆம் தலைமுறையில் இன்டெல் பெரிய கோர், சின்ன கோர் என்று இரண்டு வகையைக் கலந்தது. இன்று கடைக்காரர் "பத்து கோர் சார்" என்று சொல்லும்போது அந்தப் பத்தில் எத்தனை பெரியவை என்று திருப்பிக் கேட்க வேண்டிய நிலை அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

கோர் கூடினால் வேலை ஏன் அதே விகிதத்தில் விரைவதில்லை? ஜீன் ஆம்டால் 1967-லேயே இதற்குக் கணக்குக் காட்டிவிட்டார். ஒரு வேலையில் பாதி வரிசையாகத்தான் செய்யப்பட வேண்டும், பங்கு போட முடியாது என்றால், மீதிப் பாதியை ஆயிரம் பேரிடம் கொடுத்தாலும் மொத்த வேகம் இரண்டு மடங்கைத் தாண்டாது. டிசைனர் மவுஸைப் பிடித்துச் செய்யும் பெரும்பாலான காரியங்கள் இந்த வரிசை வகையைச் சேர்ந்தவை. பிரஷ் ஓட்டுவது, லேயரை நகர்த்துவது, கோரல்டிராவில் ஒரு பவர்கிளிப்பைத் திறந்து மூடுவது, இல்லஸ்ட்ரேட்டரில் நூறு வளைவுள்ள கோலத்தை ஒன்றாக வெட்டுவது ஆகிய எல்லாவற்றிலும் ஒற்றைக் கோரின் வேகம்தான் கையில் தெரியும். மற்ற கோர்கள் சும்மா நிற்கும். போட்டோஷாப்பின் சில ஃபில்டர்கள் எல்லாக் கோர்களையும் இழுத்துக்கொள்ளும், உண்மை. ஆனால் ஒரு நாளில் அவை ஓடும் நேரத்தைக் கூட்டினால் டீ குடிக்கிற நேரம்கூடத் தேறாது. ஆறு, எட்டு கோரைத் தாண்டிய பிறகு போட்டோஷாப்புக்குக் கிடைக்கும் கூடுதல் பலன் மிகக் குறைவு என்பது பல ஆண்டுகளாக எல்லாச் சோதனைகளிலும் திரும்பத் திரும்ப வரும் முடிவு.

எல்லாக் கோர்களும் உழைக்கிற வேலை ஸ்டுடியோக்காரரிடம் இருக்கிறது. கல்யாண வீட்டில் எடுத்த ஆயிரம் ரா படங்களை லைட்ரூமில் மொத்தமாக ஜேபெக் ஆக்குவது, வீடியோவை வெட்டி ஒட்டி ஏற்றுமதி செய்வது, ப்ளெண்டரில் முப்பரிமாண எழுத்து உருவாக்குவது போன்றவை. ஃப்ளெக்ஸ் மெஷினுக்கு முன்னால் இருக்கும் ரிப் மென்பொருளும் ஓரளவு அப்படித்தான்; பேனரின் ஒவ்வொரு புள்ளியையும் எந்த நிற மை எத்தனை துளி என்று மாற்றுகிற வேலை அதனுடையது. இந்த வேலைகள் ஓடும்போது ஆள் எழுந்து போய்விடலாம் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கை காத்திருக்கிற அரை வினாடி எரிச்சல் தரும். இரவில் ஓடுகிற ஏற்றுமதி இருபது நிமிடம் கூடினால் யாருக்கும் நஷ்டமில்லை. விலைப்பட்டியலில் மேலே மேலே ஏறுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவதற்குப் பணம் கொடுத்துவிட்டு முதலாவது சரியாகவில்லையே என்று வருந்துகிறவர்கள்.

ப்ராசஸரே தேவைப்படாத டிசைன் வேலையும் ஒன்று உண்டு. தங்கவயலுக்கு அதில் பழைய உறவு இருக்கிறது. அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கம் சென்னைக்கு வெளியே ஆழமாக வேர்பிடித்த இடங்களில் மாரிகுப்பம் ஒன்று. அவர் 1907-இல் ராயப்பேட்டையில் தொடங்கிய 'தமிழன்' இதழ், அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, 1926-இல் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு மறுபடி வெளிவந்தது. அயோத்திதாசருடைய நூல்களை இங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை பதிப்பித்தது. சுரங்கத் தொழிலாளியின் காசில் ஈய எழுத்துக் கோத்து அச்சான தாள்கள் அவை. இன்று அத்தகைய நூல் ஒன்றை 300 பக்கத்துக்கு மறுபதிப்பாகக் கோத்தால், எந்த ப்ராசஸரும் வியர்க்காது. எழுத்துதான் இருக்கிறது, புள்ளிக் குவியல் இல்லை.

அங்கே சிக்கல் வேறு. நம் டிடிபி கடைகளில் இன்னும் பேஜ்மேக்கர் 7 ஓடுகிறது. 2001-இல், தங்கச் சுரங்கம் மூடிய அதே ஆண்டில் வந்த பதிப்பு அது. அதற்குப் பின் புதுப் பதிப்பு வரவே இல்லை. 32-பிட் மென்பொருள், ஒரே கோரில் ஓடும், 16 ஜிபி ரேம் போட்டாலும் அதில் பெரும்பகுதியைத் தொடக்கூட அதற்குத் தெரியாது. யூனிகோடு தெரியாததால் தமிழுக்கு ஒரு பழைய எழுத்துரு, கன்னடத்துக்கு நுடி என்று தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். பெயர்ப்பலகையில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும் என்று கர்நாடகம் 2024-இல் சட்டத்தைத் திருத்திய பிறகு, தமிழில் கேட்டு வருகிற வாடிக்கையாளருக்கும் கன்னடம் சேர்த்தே போட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கன்னட ஒத்தெழுத்து உடைந்து போனால் அதை ஐ9 ஒட்டித் தராது. போட்டோஷாப்பின் எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான முறையைத் தேர்ந்தெடுப்பதும், யூனிகோடு எழுத்துருவுக்கு மாறுவதும்தான் வழி. காசே கேட்காத இன்க்ஸ்கேப் தமிழையும் கன்னடத்தையும் ஒழுங்காகக் காட்டுகிறது என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன். எழுத்து வேலை மட்டும் செய்கிறவர் நாலு கோர் ஐ3-க்கு மேல் ஒரு ரூபாயும் செலவழிக்கத் தேவையில்லை.

புது மேசைக் கம்ப்யூட்டர் வாங்குகிறவருக்கு என் கணக்கு இதுதான். ஐ3-12100 நாலு பெரிய கோர், எட்டு த்ரெட்; 2017-இல் எல்லோரும் ஆசைப்பட்ட ஐ7-7700-க்கும் அதே நாலு கோர், எட்டு த்ரெட்தான். ஒற்றைக் கோர் வேகத்தில் புது ஐ3 பழைய ஐ7-ஐத் தெளிவாக முந்துகிறது. பத்திரிகை, விசிட்டிங் கார்டு, சின்ன போஸ்டர் போடும் கடைக்கு இது தாராளம். பேனரும் ஆல்பமும் சேர்ந்து வருகிற கடைக்கு ஆறு கோர் வேண்டும். இன்டெல்லில் ஐ5-12400, ஏஎம்டியில் ரைசன் 5 5600ஜி. முன்னது 2022 தொடக்கத்திலும் பின்னது 2021-லும் வந்தவை. பழசாயிற்றே என்று முகம் சுளிக்க வேண்டாம். இந்த விலைக்கட்டத்தில் இவற்றைவிட நிம்மதியான தேர்வு எனக்குத் தெரியவில்லை. இவை இரண்டும் டிடிஆர்4 ரேமோடு ஓடும் என்பது கூடுதல் வசதி. ஐ5-12400 வாங்கும்போது மட்டும் மதர்போர்டு டிடிஆர்4 வகையா, டிடிஆர்5 வகையா என்று பார்த்து வாங்க வேண்டும். ஒன்றின் ரேம் மற்றதில் பொருந்தாது.

கொஞ்சம் பணம் இருந்து, நாலைந்து ஆண்டு கழித்து ப்ராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ள நினைப்பவர் ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டுக்குப் போகலாம். 2024-இல் வந்த ரைசன் 5 8600ஜி-க்குள் இருக்கும் கிராபிக்ஸ், தனி கார்டு இல்லாமலே போட்டோஷாப்பை நன்றாக ஓட்டுகிறது. இன்டெல்லின் கோர் அல்ட்ரா 200 வரிசை மின்சாரத்தை முந்தைய தலைமுறையைவிடச் சிக்கனமாகச் செலவழிக்கிறது. ஆனால் நம் வேலைக்கு அதன் விலை நியாயமாகப்படவில்லை.

விலை குறைவாகக் கிடைக்கிறது என்று பெயரின் கடைசியில் எஃப் எழுத்துள்ள ப்ராசஸரை வாங்குகிறவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஐ5-12400எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் பகுதி வேலை செய்யாது. தனி கார்டு இல்லாமல் திரையே வராது. தனி கார்டு போடுகிறவருக்கும் ஒரு நஷ்டம் இருக்கிறது. இன்டெல்லின் உள் கிராபிக்ஸில் குவிக் சிங்க் என்று வீடியோவைப் பிரித்துப் படிக்கும் பகுதி ஒன்று உண்டு. இன்றைய கேமராக்கள் எடுக்கும் 10-பிட் 4:2:2 ஹெச்.265 வீடியோவை அது சுலபமாகக் கையாளும். பல கிராபிக்ஸ் கார்டுகளால் முடியாது. பகலில் ஆல்பம் டிசைன், இரவில் கல்யாண வீடியோ எடிட்டிங் என்று இருப்பவர், எஃப் எழுத்தில் மிச்சம் பிடித்த சொற்பத் தொகையை டைம்லைன் திக்கித் திக்கி ஓடும் ஒவ்வொரு இரவும் திருப்பிக் கட்டுவார்.

மேல் வரிசையில் இருக்கும் கே எழுத்து ஐ7, ஐ9-களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறைச் சக்திமிக்க மேசை ப்ராசஸர்கள் பல, தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டு நாளடைவில் நிலைகுலைந்தன. 2024-இல் இன்டெல் அதை ஒப்புக்கொண்டு, ஆகஸ்டில் மைக்ரோகோடு திருத்தம் வெளியிட்டது. உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டி ஐந்தாக்கியது. செகண்ட் ஹேண்டில் யாராவது ஐ9-13900கே-ஐ மலிவாகத் தந்தால், பழைய பயாஸிலேயே ஓடிக்கொண்டிருந்ததா என்று கேட்காமல் தொடக்கூடாது.

செகண்ட் ஹேண்ட் என்றதும் பெங்களூரு எஸ்.பி. ரோட்டைத் தொடாமல் போக முடியாது. ஐடி கம்பெனிகள் மூன்று, நாலு ஆண்டு பயன்படுத்திக் கழித்த டெல், ஹெச்பி பெட்டிகள் அங்கே அடுக்கி வைத்து விற்கப்படுகின்றன. ரயிலில் போகிறவர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மாலை வண்டியில் வந்துவிடலாம். தங்கவயலின் பல மேசைகளுக்கு இதுவே உண்மையான கேள்வி: புது ஐ3-ஆ, பழைய ஐ5-ஆ? இதற்குத் தெளிவான கோடு ஒன்று உண்டு. எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். ஐ5-6500, ஐ5-7500 எல்லாம் நாலு கோர், நாலு த்ரெட். மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் 11 பட்டியலிலும் அவை இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. 2018-இன் ஐ5-8500 ஆறு கோர். விண்டோஸ் 11 முறைப்படி ஏறும். கம்பெனிப் பெட்டிகளில் பவர் சப்ளை சிறியது, தனி வடிவம் வேறு. பின்னால் பெரிய கிராபிக்ஸ் கார்டு சொருகலாம் என்று கனவு காணக்கூடாது. வாங்குகிற இடத்திலேயே திறந்து பார்த்து, ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டுத் தரச் சொல்லுங்கள்.

ஹார்ட் டிஸ்க்கைப் பற்றி இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம், முதலில் போட்ட அந்தப் பேனர் கணக்குதான். ஒரு லேயருக்கு 600 எம்பி என்றால் பத்து லேயரும், பின்வாங்குவதற்காக போட்டோஷாப் சேர்த்து வைக்கும் ஹிஸ்டரியும் சேர்ந்து 8 ஜிபி ரேமை நிமிடத்தில் நிரப்பிவிடும். மிச்சத்தை அது டிஸ்க்கில் எழுதி எழுதிப் படிக்கும். சாதாரண ஹார்ட் டிஸ்க் வினாடிக்கு 150 எம்பி அளவில் படிக்கும். சாட்டா எஸ்எஸ்டி 550. மலிவான என்விஎம்இ எஸ்எஸ்டியே 2,000-த்தைத் தாண்டும். "சிஸ்டம் ஹேங் ஆகுது" என்று புலம்புகிற பேனர் கடைகளில் பத்துக்கு எட்டில் ப்ராசஸர் குற்றவாளி இல்லை என்பது என் அனுமானம்.

சந்தேகம் இருந்தால், பணம் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். இப்போதிருக்கும் கம்ப்யூட்டரிலேயே உங்களிடம் உள்ள மிகக் கனமான ஃபைலைத் திறந்து, வழக்கம்போல் பத்து நிமிடம் வேலை செய்யுங்கள். பக்கத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ரேம் நிரம்பி டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் ரேமும் எஸ்எஸ்டியும் போதும், ப்ராசஸரைத் தொடவே வேண்டாம். ஒரு கோர் மட்டும் முழுதாக ஓடி மற்றவை தூங்கினால், புதுத் தலைமுறை வேண்டும். அதிகக் கோர் வேண்டாம். எல்லாக் கோர்களும் நெடுநேரம் உச்சியில் நின்றால்தான் எட்டு கோரைப் பற்றி யோசிக்கலாம். 2025-இன் கடைசி மாதங்களில் ஏஐ சர்வர்களின் பசியால் ரேம் விலை உலகெங்கும் எகிறிய பிறகு, இந்தச் சோதனைக்கு மதிப்பு இன்னும் கூடிவிட்டது. ஐ7-க்கும் ஐ5-க்கும் இடையிலான விலை வித்தியாசம் இப்போது 16 ஜிபியா 32 ஜிபியா என்பதைத் தீர்மானிக்கிற பணம். பேனர் கடைக்கு 32 ஜிபியைத்தான் சொல்வேன். உள் கிராபிக்ஸை நம்புகிறவர் அதை ஒரே குச்சியாகப் போடாமல் இரண்டாகப் பிரித்துப் போட வேண்டும். கிராபிக்ஸ் பகுதிக்குச் சொந்த நினைவகம் இல்லாததால், ரேமின் இரண்டு வழியும் திறந்திருந்தால்தான் அது மூச்சு விடும்.

தனி கிராபிக்ஸ் கார்டு யாருக்கு? ஆல்பக்காரருக்கு. 12-க்கு 36 அங்குல விரிப்பு ஒன்று 300 டிபிஐயில் 3.9 கோடிப் புள்ளி. ஓர் ஆல்பத்துக்கு நாற்பது விரிப்பு. மண்டப விளக்கில் எடுத்த இருண்ட படங்களின் இரைச்சலை நீக்க 2023 ஏப்ரலில் லைட்ரூமில் வந்த ஏஐ டீநாய்ஸ் முழுக்க கிராபிக்ஸ் கார்டில்தான் ஓடுகிறது. கார்டு இல்லாவிட்டால் ஒரு படத்துக்கே நிமிடக்கணக்கில் ஆகும். ப்ளெண்டருக்கும் அப்படியே. போட்டோஷாப்பின் ஜெனரேட்டிவ் ஃபில்லோ அடோபியின் சர்வரில் ஓடுகிறது. அதற்கு வேண்டியது நல்ல இன்டர்நெட் மட்டும். ப்ராசஸருக்குள் என்பியூ இருக்கிறது, ஏஐ பிசி என்று ஒட்டியிருக்கும் ஸ்டிக்கருக்கு இன்றைய நிலையில் டிசைனர் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம்.

இனி மின்சாரம். 1902-இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தங்கவயலுக்குக் கொண்டுவந்தார்கள். பெங்களூரு நகரத்துக்குக் கிடைத்தது 1905-இல்தான். அந்தப் பெருமை கோடை மாலையில் கரண்ட் போகும்போது உதவுவதில்லை. சிறுகடைகளில் இருக்கும் 600 விஏ யூபிஎஸ் தாங்குவது சுமார் 360 வாட். ஐ5-12400 உச்சத்தில் 117 வாட் கேட்கும். மானிட்டரும் மற்றவையும் சேர்ந்தாலும் யூபிஎஸ் சமாளித்து, ஃபைலைச் சேமிக்க நேரம் கொடுக்கும். ஐ9-14900கே ஒன்றே 253 வாட் வரை இழுக்கும். அதோடு 115 வாட் ஆர்டிஎக்ஸ் 4060 சேர்ந்தால் யூபிஎஸ்ஸின் கணக்கு அங்கேயே தாண்டிவிடுகிறது. ஏற்றுமதி நடுவில் கரண்ட் போனால் கம்ப்யூட்டரும் கூடவே அணையும். பெரிய ப்ராசஸர் வாங்குகிறவர் பெரிய யூபிஎஸ்ஸும், இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறை பெரிய பேட்டரியும் சேர்த்தே வாங்குகிறார் என்று கொள்ள வேண்டும்.

தூசியும் இதோடு சேர்ந்ததுதான். மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்ட சுரங்கக் கழிவு சயனைடு மேடுகளாக ஊரைச் சுற்றி நிற்கிறது. காற்றுக்காலத்தில் அந்த மாவு போன்ற மண் ஜன்னல் இடுக்கு வழியாக வந்து, ப்ராசஸர் மேல் சுழலும் விசிறியின் தகடுகளில் படிகிறது. வேலூர் வெயில் இங்கே இல்லை என்பது சரிதான். ஆனால் தகடு அடைத்துக்கொண்டால் ஊர்க் குளிர்ச்சி உள்ளே போகாது. இன்டெல் 100 டிகிரியிலும், 5600ஜி 95 டிகிரியிலும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஐ7-க்குக் கொடுத்த பணம் அப்போது ஐ3 வேகத்தில் ஓடும். 65 வாட் வகை ப்ராசஸர், கேபினெட் முன்பக்கம் தூசி வலை, மாதம் ஒரு முறை புளோயர் என்று இருப்பவருக்கு இந்தத் தொல்லை பாதி குறையும்.

ரயிலேறி பெங்களூரு ஸ்டுடியோக்களில் வேலை பார்க்கிறவர்கள், டிசைன் படிக்கிற பிள்ளைகள் ஆகியோருடைய கேள்வி லேப்டாப்பைப் பற்றியது. பெயரே ஏமாற்றுகிற சந்தை அது. ரைசன் 5 7520யு என்று பார்த்தால் புதிய 7000 வரிசை என்று தோன்றும். அதில் மூன்றாவது எண்ணைப் பாருங்கள். 2 என்றால் 2019-இல் வந்த ஜென் 2 கட்டமைப்பு, கோரும் நாலே நாலு. 7530யு-வில் 3, அது ஜென் 3. 7640-இல் 4, அதுதான் உண்மையிலேயே புதியது. இன்டெல் பக்கம், ஐ5-1235யு-வில் பத்து கோர் என்று போட்டிருக்கும். பெரியவை இரண்டு, சின்னவை எட்டு. ஐ5-12450ஹெச் எட்டு கோர்தான், ஆனால் பெரியவை நாலு. போட்டோஷாப்புக்கு இதுவே மேல். யு எழுத்து பேட்டரிக்கு, ஹெச் எழுத்து வேகத்துக்கு என்று பொதுவாகக் கொள்ளலாம். போக வர நாலைந்து மணி நேரம் ரயிலில் போகிறவர், அதுவும் உட்கார இடம் கிடைக்காத பெட்டியில், உண்மையில் வண்டியில் வேலை செய்யப் போகிறாரா என்பதை அவரேதான் முடிவு செய்ய வேண்டும். செய்யப் போவதில்லை என்றால் இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட கேமிங் லேப்டாப்பைத் தோளில் சுமப்பதைவிட, வீட்டில் ஒரு மேசைக் கம்ப்யூட்டர் வைத்துக்கொள்வது முதுகுக்கும் பைக்கும் நல்லது. ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தால் 8 ஜிபி மாடலை வாங்கவே கூடாது. பிறகு கூட்ட வழியில்லை.

ஆப்பிளையும் ஒதுக்கிவிட முடியாது. 2020 நவம்பரில் எம்1 வந்த பிறகு, ஒற்றைக் கோர் வேகத்திலும் மின் சிக்கனத்திலும் ஆப்பிள் மற்றவர்களைத் திணறடித்திருக்கிறது. 2024 இறுதியில் வந்த எம்4 மேக் மினி, 16 ஜிபியோடு இந்தியாவில் 59,900 ரூபாய்க்கு அறிமுகமானது. போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர் மட்டும் பயன்படுத்தி பெங்களூரு ஏஜென்சிகளுக்கு வீட்டிலிருந்து வேலை செய்கிறவருக்கு அது அருமையான பெட்டி; சின்ன யூபிஎஸ்ஸிலும் நிம்மதியாக ஓடும். ஆனால் பழைய தமிழ்ப் பேஜ்மேக்கர் ஃபைல்கள், பழைய கோரல் பதிப்புகள், ஃப்ளெக்ஸ் மெஷினின் ரிப் என எல்லாம் விண்டோஸில் கிடக்கிற கடைக்கு மேக் இரண்டாவது கம்ப்யூட்டராக இருக்க முடியுமே தவிர, ஒரே கம்ப்யூட்டராக இருக்க முடியாது. 2024 முதல் வரும் ஸ்னாப்டிராகன் விண்டோஸ் லேப்டாப்புகளுக்கும் இதே பதில்தான். பழைய பிரிண்டர், ஸ்கேனர், டாங்கிள்களின் டிரைவர்கள் அதில் ஏறும் என்ற உறுதி இல்லை.

புதுசு வாங்கிய பிறகு பழைய சிஸ்டத்தை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடுவது இங்கே வழக்கம். ஃப்ளெக்ஸ் மெஷின் வைத்திருப்பவர் அதைச் செய்ய வேண்டாம் என்பேன். ரிப் மென்பொருளும் அதன் யூஎஸ்பி டாங்கிளும் பழைய விண்டோஸில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தால், அந்தப் பெட்டியை இன்டர்நெட்டிலிருந்து துண்டித்து, ரிப்புக்கு மட்டுமென்று மெஷின் பக்கத்திலேயே விட்டுவிடலாம். பேனர் ஃபைலைப் பென்டிரைவில் கொண்டுபோய்ப் போட்டால் போதும். அது அங்கே மை கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது, புது ப்ராசஸரில் அடுத்த பத்திரிகையை ஆரம்பிக்கலாம்.